பாலகருக்கு ஏற்ற பயற்றந் தோசையும் குரக்கன் அடையும்

நெல்லும் பயறும் குரக்கனும் விளைவிக்கின்ற கமக்காரர் இல்லத்திலே பிள்ளை மெலிந்து காணப்படுதல் வியப்பிற்குரியதே. ஆயினும் அறுவடைக் காலங்களில் அது நிகழ்கின்றது. தாய் விடியுமுன் வயலுக்குச் செல்கின்றாள். குழந்தை பாட்டியின் பொறுப்பிலோ மூத்த பெண்பிள்ளையின் பொறுப்பிலோ விடப்படுகின்றது. பசித்தழும் குழந்தைக்குக் கடை விசுக்கோத்தைத் தேநீரில் தோய்த்துக் கொடுத்தல் யாவர்க்கும் எளிது. அவ்வீட்டு மூலையிலேயே ஒரு சாக்குப் பயறு வியாபாரியின் வருகையை எதிர்நோக்கிக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். பயறு விற்ற பணத்தில் ஒரு பகுதி விசுக்கோத்தின் பொருட்டு மீண்டும் கடைக்கே செல்கின்றது. இக்கொடுக்கல் வாங்கலின் நட்டம் பிள்ளையின் உடம்பிலே சேர்கின்றது.

பசளையிடுதல், களை கட்டுதல் முதலியவற்றைக் கூறும் பிரசுரத்தில் தோசை சுடும் விடயம் எதற்கு என்று சிலர் வினவலாம். விளைந்ததில் எவ்வளவை விற்பது, எவ்வளவை வீட்டில் நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவரேயாவர். ஆதலால் இதனை அடுப்படிக்குரிய செய்தியெனக் கருதி அவர் ஒதுக்கிவிடலாகாது.

குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதுமானது. தண்ணீர் தானும் வேண்டியதில்லை. பிறக்கும்போது உடலிற் சேமித்துக் கொண்டு வந்த இரும்புச் சத்து அக்காலமளவில் குறைந்துவிடுகின்றது. தாய்ப்பாலினால் மாத்திரம் அக்குறையை நிரப்புதல் இயலாது. எனவே ஆறு மாதம் முடிந்ததும் வேறு உணவும் சேர்த்தல் வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும், விரும்பின் அதற்கப்பாலும் தொடர்ந்து கொடுத்தல் வேண்டும். தாய்ப்பாலுக்குப் புறம்பாக, 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரியும், 9 முதல் 11 மாதத்தில் 300 கலோரியும், ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் 550 கலோரியும் உணவிலிருந்து கிடைத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இவ்வளவையும் அரிசிக் கஞ்சியினாற் கொடுக்கலாம் என்று எண்ணுவோர் குழந்தையின் இரைப்பையின் அளவை மறந்துவிடுகின்றனர். நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறக்குறைய 30 கிராம் உணவே ஒருவேளையில் அதனுட் கொள்ளும். எட்டுக் கிலோகிராம் நிறையுள்ள குழந்தை ஒருவேளையில் உண்ணக்கூடியது ஏறத்தாழ ஒரு பெரிய தேநீர்க் கோப்பையின் கொள்ளளவே. அக்கோப்பை நீர்க்கஞ்சியால் நிறையுமாயின், வயிறு நிறைந்தும் உடல் வளராது. தோசை, அடை முதலியன நீர் குறைந்த திண்ணிய உணவுகளாதலால் சிறிய அளவிலேயே மிகுந்த சத்தை அடக்கியுள்ளன. பாலகருக்கு அவை உகந்தன என்பதற்கு முதற் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் தானியமும் அவரையினமும் ஒன்று சேர்வதாகும். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 7 கிராம் புரதமும், அதேயளவு பயற்றில் 22 முதல் 24 கிராம் புரதமும் உள்ளன. அளவு மாத்திரமன்றித் தரமும் கவனிக்கத்தக்கது. புரதத்தின் கூறுகளுள் ஒன்றாகிய லைசீன் அரிசியிற் குறைவு, பயற்றில் மிகுதி. மெதியோனீன் என்னும் கூறு பயற்றிற் குறைவு, அரிசியிற் போதியது. இரண்டும் சேருமிடத்து ஒன்றின் குறையை மற்றது நிரப்புகின்றது. இரண்டு பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பயறு என்பது நல்ல அளவு. குரக்கனோவெனில் கல்சியத்திற் சிறந்தது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. தீட்டிய அரிசியில் அதன் பத்திலொரு பங்குதானும் இல்லை. குரக்கனை ஏழைகளின் உணவு என்று இகழ்வோர் இதனை அறிதல் நன்று.

பயற்றந் தோசை

பச்சையரிசி இரண்டு சிறங்கை, பயறு ஒரு சிறங்கை எடுத்துக் கல், மண் நீங்கச் சுளகிற் புடைத்துக் கொள்ளல் வேண்டும். நன்றாகக் கழுவி, இரண்டையும் ஒன்றாக ஆறு மணித்தியாலம் நீரில் ஊறவிடுக. ஊறிய நீரை ஊற்றிவிடல் வேண்டும். இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும் பைற்றேற்று என்னும் பொருளின் ஒரு பகுதி அந்நீருடன் நீங்குகின்றது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்காயின், ஊறிய பயற்றைக் கைகளுக்கிடையிற் கசக்கினால் தோல் மேலே மிதந்து வரும். அதை வடித்து நீக்குவது செமிபாட்டுக்கு இலகு. வளர்ந்த பிள்ளைக்குத் தோலோடு அரைக்கலாம்.

ஆட்டுக்கல்லிலோ அம்மியிலோ மைபோல் அரைத்து, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்துக்கு நீர் சேர்க்க. சாதாரண தோசை போன்று புளிக்க வைக்க வேண்டியதில்லை. முருங்கையிலை அல்லது முளைக்கீரை ஒரு பிடியை மிக நுண்ணியதாக அரிந்து சேர்க்கலாம். அவித்து மசித்த பூசணி ஒரு மேசைக்கரண்டி சேர்க்கின் நிறமும் இனிமையும் உயிர்ச்சத்து ஏயும் கிடைக்கும். மாவிலேயே ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விடுவது பலரும் செய்யாத காரியம். எண்ணெய் பிள்ளைக்குக் கூடாதென்ற எண்ணமே காரணம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 40 கலோரி உண்டு; சிறிய இரைப்பைக்கு அது பெரிய உதவி.

கல்லை மெல்லிய நெருப்பிற் காயவிட்டு, உள்ளங்கையளவிலும் சிறியதாக ஊற்றுக. பெரியோருக்குப் பிடித்த முறுகல் தோசை பல் முளையாத வாய்க்கு ஆகாது. ஓரங்கள் காய்ந்து கூராகித் தொண்டையில் உறுத்தும். மா சற்றுத் தடிப்பாயிருக்க, மூடியிட்டு வேகவிட்டால் ஆவியில் மென்மை கெடாது அவியும். நடுப்பகுதியைப் பிய்த்துப் பார்க்கையிற் பச்சை மா தெரியாதிருத்தல் வேண்டும். பயறு பச்சையாய் நின்றால் வயிறு ஊதி, குழந்தை இரவு முழுதும் அழும். பின் பயற்றின்மீதே பழி விழும்.

குரக்கன் அடை

குரக்கனிற் கலந்துள்ள மண்ணை நீக்காது மாவாக்கினால் அடை நறநறக்கும். ஒருமுறை அவ்வாறு உண்ட பிள்ளை மறுமுறை வாய் திறவாது. ஆதலால் நான்கைந்து தண்ணீரிற் கழுவி அரித்தெடுத்தல் வேண்டும். பொறுமையுள்ளோர், கழுவிய குரக்கனை ஓரிரவு ஊறவிட்டு, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வைத்து முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, இலேசாக வறுத்து, முளைகளைத் தேய்த்து நீக்கியபின் திரிப்பர். அவ்வாறு செய்த மா தானாகவே சிறிது இனிக்கும்; சீனி தேவைப்படாது.

மூன்று பங்கு குரக்கன் மாவுக்கு ஒரு பங்கு வறுத்துத் தோல் நீக்கித் திரித்த பயற்றம் மாவைக் கலந்து, அரிதட்டில் அரித்து, ஈரமற்ற போத்தலிற் காற்றுப் புகாது அடைத்து வைக்கலாம். இரண்டு மேசைக்கரண்டி கலவை மா, நன்கு பழுத்த கதலி வாழைப்பழம் ஒன்று, ஒரு கோழிமுட்டை ஆகியவற்றை மசித்து அடித்தால் நான்கைந்து சிற்றடைகளுக்குப் போதும். மா இறுகின் சிறிது கொதித்தாறிய நீர் சேர்க்கலாம். கோதுமை மாவிலுள்ள பசைத்தன்மை குரக்கனில் இல்லை. திருப்பும்போது அடை உடைந்துபோதல் அதனாலேயே. முட்டை அதைப் பிணைத்து நிறுத்தும். முட்டை கொள்ளாத வீடுகளில் வாழைப்பழத்தைச் சற்று மிகுத்து, அடையை மிகச் சிறியதாக வார்த்து, அடிப்பாகம் நன்றாக இறுகிய பின்னரே திருப்புதல் வேண்டும்.

வயலுக்குச் செல்லும் தாய்க்கு இம்மாப் போத்தலே பெருந்துணை. காலையிற் சுட்டு மூடி வைத்த அடையை நண்பகலிற் கொடுப்பது நன்றன்று. நமது வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட உணவில் கிருமிகள் பெருகிவிடும். குளிர்ப்பெட்டியில்லாத வீட்டில் அரைத்த பயற்றந் தோசை மாவையும் பிள்ளைக்கென வைத்திருத்தல் ஆகாது. உலர்ந்த மா இருப்பின், வீட்டிலிருக்கும் பாட்டி கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, வேண்டியபோது வேண்டிய அளவைக் கரைத்துக் கால் மணித்தியாலத்திற் புதிதாகச் சுட்டுக் கொடுத்துவிடலாம்.

கொடுக்கும் முறை

ஏழு மாதக் குழந்தைக்குத் தோசையைத் தாய்ப்பாலிலோ பருப்பு நீரிலோ ஊறவைத்து மசித்து ஊட்டுக. ஒன்பது மாதமளவில் விரலளவு நீளத் துண்டுகளாக வெட்டிக் கையிற் கொடுத்தால் அது தானே பிடித்துக் கடிக்கும். பாதியை நிலத்திற் போடுவதைக் கண்டு சினத்தல் ஆகாது. கற்றுக்கொள்ளும் வழி அதுவே. படுத்திருக்கும் குழந்தைக்கும், ஓடித்திரியும் பிள்ளைக்கும் ஊட்டுதல் விக்கலுக்கும் மூச்சடைப்புக்கும் இடமாகும். இருத்தி வைத்து, அருகிலிருந்து ஊட்டுதல் வேண்டும். நாளொன்றுக்கு ஒன்பது மாதத்துக்கு முன் இரண்டு மூன்று வேளையும், பின் மூன்று நான்கு வேளையும் உணவு கொடுக்கலாம். தோசையுடன் பப்பாசி அல்லது கொய்யாவின் மசித்த சதையை ஊட்டின், அவற்றிலுள்ள உயிர்ச்சத்து சீ பயற்றின் இரும்புச் சத்தை உடல் ஏற்கத் துணை செய்யும். தேநீர் இதற்கு நேர்மாறானது. எவ்வளவு பால் விட்டாலும் பாலகருக்குத் தேநீர் வேண்டாம்.

ஒரு வயது நிறையும்வரை உப்பும் சீனியும் சேர்த்தல் அவசியமில்லை. தேன் அக்காலத்தில் ஒரு துளியும் கொடுக்கலாகாது; அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். முட்டையை ஒரு வயதுவரை ஒளித்து வைக்கும் பழைய வழக்கம் இப்பொழுது ஏற்கப்படுவதில்லை. ஆறு மாதத்தின் பின் நன்கு வெந்த முட்டையைச் சிறிதளவிலே தொடங்கலாம். முதன்முறை கொடுக்கும் நாளில் வேறு புதிய உணவு சேர்க்காது கவனிக்க வேண்டும். உடலில் தடிப்பு, தொடர்ந்த வாந்தி, மூச்சு வாங்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. கச்சானை முழுதாகவோ உடைத்தோ பிள்ளை கையிற் கொடுத்தல் மூச்சடைப்புக்கு ஏது; மாவாக்கி அடையிற் கலப்பின் குற்றமில்லை. பூசணம் பிடித்த கச்சானையும் சோளத்தையும் கழுவியோ வறுத்தோ சீர்செய்ய முடியாது, எறிந்துவிடுவதே முறை.

கமக்காரர் வீட்டுக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. விதைப்பதற்கென வாங்கிய சோளமும் அவரையினங்களும் பூசணக்கொல்லி பூசப்பெற்றிருக்கலாம். பெரும்பாலும் அவற்றிற்குச் சிவப்பு முதலிய நிறம் ஊட்டப்பட்டிருக்கும். விதைத்து மிஞ்சியதைக் கழுவி மாவாக்கலாம் என்று ஒருவரும் எண்ணலாகாது. கழுவுதலால் மருந்து முற்றாக நீங்காது. மிஞ்சிய விதையை அதன் உறையோடேயே, உணவுப் பொருள் வைக்கும் அறைக்கு வெளியே, பிள்ளைக்கு எட்டாத உயரத்திற் பூட்டி வைத்தல் வேண்டும். அவ்வாறே மருந்து தெளித்த தோட்டத்துக் கீரையையும், போத்தலின் சுட்டியில் குறித்துள்ள நாட்கள் கழியுமுன் பிள்ளையின் தோசைக்கு ஆயலாகாது. கிணற்றடியில் இரண்டு பாத்திக் கீரையை மருந்தின்றி வளர்ப்பது கடினமான வேலையன்று.

ஓராண்டுக்கு வேண்டிய பயறு

ஒரு வயது கடந்த பிள்ளைக்கு நாளொன்றுக்கு 30 கிராம் பயறு எனக் கொள்வோமாயின், ஓராண்டுக்கு ஏறக்குறைய 11 கிலோகிராம் வேண்டும். ஹெக்டேயருக்கு 1,000 கிலோகிராம் விளைவு கிடைக்குமிடத்தில் 110 சதுர மீற்றர் நிலம் இதற்குப் போதும். நெல் அறுத்த வயலின் எஞ்சிய ஈரத்திலேயே எம். ஐ. 5, எம். ஐ. 6 ஆகிய பயற்றினங்களை விதைத்தால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அறுவடை செய்யலாம். வேர்முடிச்சுகளால் மண்ணிற் சேரும் நைதரசன் அடுத்த நெற்பயிருக்கு இலாபம்.

பிள்ளைக்கென நிறுத்தும் பயற்றை வியாபாரி வருமுன்பே அளந்து வேறாக வைத்தல் நன்று. வந்தபின் அளப்போர் வீட்டில் அது எஞ்சுவது அரிது. பல்லிடையிற் கடித்தால் படீரென உடையுமளவுக்கு வெயிலில் உலர்த்துக. ஆறவிட்டபின் கிலோகிராமுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் வீதம் கையாற் பிசிறிப் பூசி, இறுக மூடும் தகரத்தில் இட்டு வைத்தால், வண்டு மேற்றோலில் இடும் முட்டைகள் பொரியாது அழியும். ஊறவைக்குமுன் வெந்நீரில் ஒருமுறை அலசினால் எண்ணெய் போய்விடும்.