உள்ளத்திற்கு ஓர் ஆற்றுப்படை

இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர் முதலிய ஊர்களில் பதனிட்ட தோலும், அத்தோலால் ஆன காலணியும் கடல் கடந்து செல்கின்றன. இத்தொழிலில் ஆடவரும் மகளிரும் ஆயிரக்கணக்கில் உழைக்கின்றனர். தையற்பொறியின் ஊசி ஒருவர் விரலில் ஏறினால், அடுத்திருப்பவர் உடனே எழுந்து ஓடுவார், மருந்திட்டுக் கட்டுவார். ஆனால் ஒருவர் உள்ளத்தில் முள் தைத்தால் அதனை யார் காண்பார்? அவரே வாய் திறந்து சொன்னாலன்றி எவரும் அறியார். சொல்லவோ நாணம் தடுக்கிறது. அந்நாணத்தால் விளையும் கேட்டினை யான் ஒருமுறை நேரிற் கண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதிப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். செய்யுளைப் பிழையின்றி ஒப்புவிப்பதில் அவனுக்கு நிகர் அவனே. அரையாண்டுத் தேர்வு நெருங்கிய காலத்தில் அவன் மாறினான். கேட்டதற்கு விடை கூறான். வகுப்பில் மேசைமேல் தலை சாய்த்துக் கிடப்பான். விளையாட்டுத் திடலை எட்டியும் பாரான். யான் அதனைச் சோம்பல் என்றே கருதினேன். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் அவனைச் "சோம்பேறி" என்று கடிந்து, பெஞ்சின்மேல் நிற்கச் செய்தேன். அவன் ஒரு சொல்லும் கூறவில்லை. மறுநாள் முதல் பள்ளிக்கும் வரவில்லை.

நான்காம் நாள் அவன் தாய் வந்தாள். காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவள். அன்றைய கூலியை இழந்து வந்திருந்தாள். "ஐயா, என் மகன் இரவெல்லாம் உறங்குவதில்லை. சோம்பேறியாக இருந்தால் உறங்கியிருப்பானே!" என்றாள். நாற்பது மாணவர்க்கு நாள்தோறும் பொருள் விளக்கிய யான், ஒரு மாணவன் முகத்தின் பொருளை அறியாமற்போனேன். அத்தாய்க்கு வழி காட்டியவன் யான் அல்லேன். அவளோடு தைக்கும் மற்றொருத்தி, தன் தங்கையை முன்பு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றவள், எந்தப் பேருந்தில் ஏறுவது, எங்கே இறங்குவது, எங்கே பதிவுச் சீட்டுப் பெறுவது என்பவற்றையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

உள்ளத் துயருற்றோர்க்குத் தக்க பயிற்சி பெற்றவர் உரையாடலால் துணைபுரிவதை ஆங்கிலத்தில் கவுன்சிலிங் என்பர். தமிழில் அதனை ஆற்றுப்படுத்துதல் என வழங்குகின்றனர். இது மிகப் பொருத்தமான சொல். ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்று எதிர்ப்படும் பாணனுக்கு வள்ளல் இருக்கும் ஊரையும் அங்குச் செல்லும் நெறியையும் கூறுவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. வழி கூறுபவன் வழிப்போக்கனைச் சுமந்து செல்வதில்லை. அவனுக்குப் பதிலாகத் தான் நடப்பதுமில்லை. மேடு எது, பள்ளம் எது, தங்குமிடம் எது என்று உணர்த்துகிறான். நடப்பவன் தன் காலாலேயே நடக்கிறான். ஆலோசகரின் பணியும் இத்தகையதே.

இவ்வழியில் முதலடி வைப்போர்க்குச் சில ஐயங்கள் எழும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

"பித்துப் பிடித்தவரன்றோ அங்குச் செல்வர்?" என்பது முதல் ஐயம். அது தவறு. உறக்கமின்மை, காரணமின்றி நீளும் அச்சம், வாட்டும் சோர்வு, ஓயாத சினம், அன்புடையாரை இழந்த துயர், தேர்வு பற்றிய கலக்கம், குடிப்பழக்கத்தால் குலைந்த குடும்பம் ஆகிய யாவும் ஆலோசனைக்கு உரியனவே. சில வாரங்களாகியும் துன்பம் நீங்காமல், உணவையும் உறக்கத்தையும் தொழிலையும் கெடுக்குமானால் காலந்தாழ்த்தாது செல்லுதல் நன்று.

"யாரிடம் செல்வது?" என்பது அடுத்தது. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் கற்று, பின்னர் மனநோய்த் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதித்தர வல்லவர். உளவியலாளரும் ஆலோசகரும் உரையாடலாலும் பயிற்சிகளாலும் துணைபுரிபவர். மருந்து தருதல் அவர்தம் பணியன்று. ஒருவர்க்கு உரையாடலே போதும். மற்றொருவர்க்கு மருந்தும் வேண்டும். "தாங்கள் எங்குப் பயின்றீர்கள்? பதிவு பெற்றவரா?" என்று பணிவுடன் வினவுவது குற்றமன்று. நகை வாங்குமுன் மாற்றுப் பார்ப்பவர், மனத்தை ஒப்படைக்குமுன் கேட்டறிதல் வேண்டாவோ?

"முதல் நாளில் என்ன கேட்பார்?" துன்பம் எப்போது தொடங்கிற்று, உறக்கமும் பசியும் எவ்வாறு உள்ளன, வீட்டிலும் வேலையிடத்திலும் நிலைமை யாது, முன்பு ஏதேனும் நோய் உண்டோ என்று கேட்பார். எல்லாவற்றையும் அன்றே சொல்லித் தீரவேண்டும் என்பதில்லை. நாவெழாதாயின், சொல்ல விரும்புவதை ஒரு தாளில் எழுதிச் செல்லலாம். அம்மாணவன் முதல் நாளில் தலைகுனிந்தே இருந்தானாம். அவர் வற்புறுத்தவில்லை, அவன் சொல்லத் துணியும் வரை காத்திருந்தார்.

"சொன்னவை வெளியே போகுமோ?" இவ்வச்சமே பலரைத் தடுப்பது. ஒரே தெருவில் வாழ்ந்து ஒரே தொழிற்சாலையில் உழைப்போர்க்கு இவ்வச்சம் இயல்பு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மருத்துவம் பெறுவோர் செய்தியை மறைவாகக் காத்தல் அவர்தம் உரிமை என்று அச்சட்டம் கூறுகின்றது. எனினும் உயிருக்கு இடர் நேரும் என்று அறிந்தால், காப்பதற்கு வேண்டிய அளவு உரியவர்க்குத் தெரிவிப்பர். பதினெட்டு வயது நிரம்பாதோர்க்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவும் துணையும் வேண்டும். எவை மறைவாக இருக்கும், எவை பெற்றோர்க்குக் கூறப்படும் என்பதை முதல் நாளிலேயே கேட்டுத் தெளியலாம்.

"எத்தனை நாளில் குணமாகும்?" இதற்குத் தோல் தொழிலையே சான்றாகக் காட்டலாம். பச்சைத்தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிரும் சதையும் நீக்கி, பின்னரே பதனிடுவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட பழைய முறையில் இதற்குப் பல நாள் செல்லும். அவசரப்பட்டால் தோல் கெடும். உள்ளமும் அவ்வாறே. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஒரு மணிக்குச் சற்றுக் குறைந்த நேரம் உரையாடல் நிகழும். சிலருக்குச் சில வாரங்கள் போதும். சிலருக்குப் பல திங்கள் ஆகும். ஓர் ஆலோசகரோடு மனம் ஒன்றவில்லையாயின் அதனை அவரிடமே கூறலாம், வேறொருவரை நாடலாம். அதனால் முயற்சி வீணாயிற்று என்று எண்ணற்க.

"தொலைவும் செலவும் தடையாகுமே?" அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டம் நடைபெறுகின்றது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை நாடெங்கும் தொடங்கப்பெற்றது. 14416 என்னும் எண்ணுக்கு இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கைபேசியில் முகம் பார்த்துப் பேசும் இணையவழி ஆலோசனையும் இன்று பரவியுள்ளது. 2020ஆம் ஆண்டு இந்திய அரசு தொலைமருத்துவத்திற்கு நெறிமுறைகள் வகுத்தது. ஒருநாள் விடுப்பெடுத்தால் ஒருநாள் கூலி இழக்கும் தொழிலாளர்க்கு இவ்வழி பெரிதும் பயன்படும். ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். பிறர் காதில் விழாத இடத்தில் அமர்தல் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அஃது எளிதன்று. ஆதலின் வீட்டார் வெளியே சென்றிருக்கும் நேரத்தைக் கேட்டுப் பெறலாம். இணைப்பு அறுந்தால் மீண்டும் அழைக்கும் எண்ணை முன்னரே குறித்துக்கொள்ளல் வேண்டும். தாம் இருக்கும் இடத்தையும், வேண்டின் அழைக்கத்தக்க உறவினர் ஒருவரையும் ஆலோசகர்க்குத் தெரிவித்தல் வேண்டும். இசைவின்றி எவரும் உரையாடலைப் பதிவு செய்தல் ஆகாது. உயிர் வேண்டா என்னும் எண்ணம் ஒருவர்க்குத் தோன்றினால் அடுத்த வாரத்து உரையாடலுக்காகக் காத்திருத்தல் கூடாது. உடனே அருகிலுள்ள பெரியவரிடம் சொல்லுதல் வேண்டும். கேட்டவர் அவரைத் தனியே விடாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வரும்.

இனி, அத்தாயும் மகனும் சென்ற இடத்தைப் பற்றிச் சிறிது கூறுவேன். வேலூரை அடுத்த பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் மனநோயாளரை மதிலுக்குள் விட்டுவிட்டு உறவினர் திரும்பிவிடுதலே பெருவழக்கு. பாகாயத்திலோ, தங்கி மருத்துவம் பெறுவோருடன் குடும்பத்தார் ஒருவரும் தங்குதல் முறையாயிற்று. வடக்கே அமிர்தசரசிலும் மருத்துவர் வித்யா சாகர், அதே பத்தாண்டில், மருத்துவமனை வெளியில் கூடாரமிட்டு நோயாளரின் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்திற்கு நான்கு கூறு வகுத்தார் திருவள்ளுவர். அந்நான்காம் கூற்றைப் பாகாயம் மறவாது போற்றியது.

அம்மாணவன் மெல்லத் தெளிந்தான். ஓராண்டு பிந்தித் தேர்வு எழுதினான். நோய் அடியோடு அகன்றது என்று சொல்லேன். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒருமுறை வந்தது. அப்போது எவரும் இழுத்துச் செல்லவில்லை, தானே சென்றான். இன்று ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறான். சென்ற ஆண்டு கடைத்தெருவில் என்னைக் கண்டு வணங்கினான். "உன்னை அன்று நிற்க வைத்தது என் பிழை" என்றேன். அவன் புன்னகைத்து, "ஐயா, எங்கள் பிரிவில் ஒரு பையன் சில நாளாகப் பேசுவதேயில்லை. நாளை அவனைப் பாகாயத்திற்கு அழைத்துச் செல்கிறேன்" என்றான்.

மாணவர்களே, உங்கள் அருகே அமர்ந்திருப்பவன் திடீரென்று பேச்சொழிந்தால், அவனை எள்ளாதீர், "என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். உங்கள் உள்ளமே துயருற்றால், நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். வழி அறிந்தவர் அறியாதவர்க்குக் கூறுதல் தமிழர் மரபு. அம்மரபை நீங்களும் காப்பீர்களாக.