நீல இதயத்துடன் 59 ஆண்டுகள்!

பிறக்கும்போதே அவருடைய இதயம் பழுது. அதைச் சரிப்படுத்த ஆபரேஷனே இல்லாத காலம். ஆனாலும் அவர் 59 வயது வரை வாழ்ந்தார்! படுத்த படுக்கையாக அல்ல. பாட்டும் பயணமுமாக வாழ்ந்தார்.

அவர் பெயர் ஹென்றி கில்பர்ட். அமெரிக்க இசை அமைப்பாளர். 1868-ம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர்.

நீல நோய்

இதயத்தின் வலது பக்கம் வரும் கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போகும். அங்கே சுத்தமாகி இடது பக்கம் வந்து, உடம்பெங்கும் பாயும். இது இயற்கை.

கில்பர்ட்டின் இதயத்தில், வலது இடது அறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை. உடம்புக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய், அந்த ஓட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. நுரையீரலுக்குப் போகும் வழியோ குறுகல். அதில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது அறையின் சுவர் தடித்துவிட்டது.

இப்படி நான்கு கோளாறுகள் சேர்ந்தால், கெட்ட ரத்தமும் நல்ல ரத்தமும் கலந்து ஓடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். குழந்தை நாலு எட்டு நடந்ததும் மூச்சு வாங்கிக் குந்திக்கொள்ளும். 1888-ல் இதை விளக்கி எழுதியவர் பிரெஞ்சு டாக்டர் பாலோ.

இந்த நோயுடன் பிறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாளில் வாலிபத்தைக்கூடக் காணவில்லை. வழி எவ்வளவு குறுகல் என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறுகல் கடுமையாக இல்லாத சிலரே தப்பினார்கள்.

மாட்டுக் கப்பலில்!

கில்பர்ட் துணிச்சல்காரர். பாரிஸ் நகரில் ஓர் இசை நாடகத்தைக் கேட்க ஆசை, கையில் காசில்லை. மாடு ஏற்றிச் சென்ற கப்பலில் வேலை செய்துகொண்டே போய்ச் சேர்ந்தார்! நல்ல இதயம் உள்ளவர்களே யோசிக்கும் காரியம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் நீக்ரோ அடிமைகள் ஞாயிறுதோறும் கூடி ஆடிய திடலை வைத்து அவர் ஒரு நாட்டிய இசை அமைத்தார். 1918-ல் நியூயார்க்கின் பிரபல மெட்ரோபாலிடன் அரங்கில் அது மேடை ஏறியது.

1928-ல் கில்பர்ட் காலமானார். மறு ஆண்டே அவருடைய இதயத்தைப் பற்றி இரு டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒருவர் பால் டட்லி ஒயிட். 1955-ல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது சிகிச்சை அளித்தவர் இவர்தான்.

ஆபரேஷன் வந்தது

1944-ல் பால்டிமோர் நகரில் டாக்டர் பிளேலாக், நீலக் குழந்தை ஒன்றுக்கு ஆபரேஷன் செய்தார். யோசனை சொன்னவர் பெண் டாக்டர் ஹெலன் டாசிக். நாய்களிடம் செய்து பார்த்து முறையை வகுத்தவர், கல்லூரிப் படிப்பே இல்லாத நீக்ரோ உதவியாளர் விவியன் தாமஸ். ஓட்டையை மூடி, குறுகலை அகற்றும் முழு ஆபரேஷன் 1954-ல் வந்தது.

இன்று இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் வளர்ந்து, படித்து, குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் சிறு வயதில் சரிசெய்த இதயத்திலும், பல ஆண்டுகள் கழித்து வால்வு ஒழுகுவதுண்டு, துடிப்பு தாறுமாறாவதுண்டு. உடம்பில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும், ஆயுள் முழுதும் இதய டாக்டரிடம் காட்டிவர வேண்டும். பெண்களானால், பிள்ளை பெறுமுன் அவசியம் காட்ட வேண்டும்.