நட்சத்திரக் குறிக்குக் கீழே

சென்ற மாதம் அக்கா மகள் ஒரு சீரம் பாட்டிலோடு வந்தாள். 30 மில்லி, விலை 900 ரூபாய்க்குப் பக்கம். "சித்தி, இது நிஜமாவே வேலை செய்யுமா?" என்று கேட்டாள். பெட்டியின் முகப்பில் 'கிளினிக்கலி ப்ரூவன்', '92 சதவீதம் பெண்களுக்குப் பொலிவான சருமம்' என்று பெரிய எழுத்து. அந்த 92-இன் தலைமேல் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அதற்கான விளக்கத்தைப் பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினோம். அடிமடிப்பில், பசை ஒட்டிய இடத்தருகே எறும்பு எழுத்தில் இருந்தது: 28 நாள் பயன்படுத்திய 38 பெண்களின் சொந்தக் கருத்து.

யாரும் அவர்கள் தோலை அளந்து பார்க்கவில்லை. அதே 28 நாளும் சாதாரண க்ரீம் பூசிய இன்னொரு குழு இருந்ததாகவும் அதில் இல்லை. பொலிவாகத் தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். 35 பேர் ஆமாம் என்றிருக்கிறார்கள். இதற்கு 'நிரூபணம்' என்று பெயர் வைப்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது என்றே நினைக்கிறேன்.

ஈரம் செய்யும் வேலை

தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. எந்த மாய்ஸ்சரைசரைத் தடவினாலும் அந்த அடுக்கு ஈரத்தில் ஊறிச் சற்றே உப்பும். மெல்லிய சுருக்கங்கள் சில மணி நேரம் மங்கும். எனவே ஒரு க்ரீமின் மகிமையைச் சொல்ல வேண்டுமானால், வெறும் ஈரப்பசை தருவதைவிட அது கூடுதலாக என்ன செய்தது என்று காட்ட வேண்டும். 'கொலாஜன் க்ரீம்' வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். சுமார் 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம் என்பது தோல் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. கொலாஜனின் எடை ஏறக்குறைய 3 லட்சம் டால்டன். பூசிய கொலாஜன் தோலுக்கு வெளியேதான் கிடக்கும்.

மான்செஸ்டர் சோதனை

உருப்படியாகச் சோதிக்க முயன்றவர்களும் உண்டு. 2007-இல் பிபிசியின் 'ஹொரைசன்' நிகழ்ச்சி, பூட்ஸ் நிறுவனத்தின் 'நம்பர் 7' வரிசையில் வந்த ஒரு சீரத்தைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னது. பிரிட்டன் முழுக்கக் கடைகளில் சரக்கு தீர்ந்துபோனது. பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதற்கு முறையான சோதனை நடந்தது, செலவு பூட்ஸுடையது. வெயிலில் தோல் பழுதான 60 பேரில் பாதிப் பேருக்கு அந்தப் பொருள், மீதிப் பேருக்கு அதன் முக்கிய மூலப்பொருள்கள் இல்லாத அதே க்ரீம். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 43 சதவீதம் பேருக்கும், மற்றக் குழுவில் 22 சதவீதம் பேருக்கும் சுருக்கம் குறைந்திருந்தது. 2009-இல் வெளியான கட்டுரை, பொருள் பலன் தருகிறது என்றது.

யார்க் பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் மார்ட்டின் பிளாண்ட் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். கட்டுரையாளர்கள் ஒவ்வொரு குழுவையும் அதன் பழைய நிலையோடு ஒப்பிட்டிருந்தார்கள்: இந்தக் குழுவில் மாற்றம் உறுதி, அந்தக் குழுவில் உறுதியில்லை, ஆகவே பொருள் நல்லது. கேட்க வேண்டிய கேள்வியோ இரண்டு குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் உண்டா என்பது. அப்படிப் பார்த்தால், தற்செயலாக வந்திருக்கக்கூடிய அளவைத் தாண்டவில்லை என்று காட்டினார். அந்தச் சோதனையில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் விடை எந்தப் பக்கம் சாய்ந்தால் வியாபாரத்துக்கு நல்லதோ அந்தப் பக்கம்தான் கணக்கும் சாய்ந்திருந்தது.

மரபணுவைத் தூண்டும் க்ரீம்

அமெரிக்காவில் லோரியல் நிறுவனம், தன் 'லான்கோம் ஜெனிஃபிக்' க்ரீம் மரபணுக்களின் செயல்பாட்டைக் கூட்டி ஏழே நாளில் இளமை தரும் என்று விளம்பரம் செய்தது. ஒரு பாட்டில் 132 டாலர் வரை விற்றது. 2012-இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது: உடலின் செயல்பாட்டை மாற்றுவதாகச் சொன்னால் அது அழகுப் பொருள் அல்ல, மருந்து, மருந்துக்குரிய அனுமதி எங்கே? 2014-இல் வணிக ஆணையம் இந்த விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. அபராதம் இல்லாமல், இனி ஆதாரமின்றி அப்படிச் சொல்வதில்லை என்ற உடன்பாட்டோடு விஷயம் முடிந்தது.

நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் சட்டமும் அழகுப் பொருளை இப்படித்தான் பார்க்கிறது: சுத்தம் செய்வது, அழகூட்டுவது, தோற்றத்தை மாற்றுவது. அதனால்தான் விளம்பரங்களில் 'சுருக்கம் குறையும்' என்பதற்குப் பதிலாக 'குறைந்ததுபோல் தோன்றும்' என்று வருகிறது. அந்தப் 'போல்' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

பணம் யாருடையது

நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுப்பவருக்குத்தான் கேள்வியைத் தேர்ந்தெடுக்கவும், சாதகமில்லாத முடிவை அலமாரியில் வைத்துப் பூட்டவும் வாய்ப்பு அதிகம். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் நடந்த ஆய்வை இதற்கு எதிரே வையுங்கள். அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பணம் தந்தது. 55 வயதுக்குட்பட்ட 903 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, நாலரை ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் சன்ஸ்க்ரீன் பூசச் சொல்லப்பட்டவர்களுக்கு, விருப்பப்படி பூசியவர்களைவிடத் தோல் முதிர்வு 24 சதவீதம் குறைவு. எந்த பிராண்டுக்கும் விளம்பரமாகாத முடிவு இது.

நிஜமாகவே வேலை செய்யும் க்ரீம்கள்

விளம்பரமே இல்லாமல், வாய்வழியே பரவும் சில க்ரீம்கள் சொன்னபடி ஒரு வாரத்தில் நிறத்தை மாற்றிவிடும். பயப்பட வேண்டியது இவற்றுக்குத்தான். ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இத்தகைய பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் விதி வந்தது. இருந்தும் மருந்துக் கடையில் "வெள்ளையாக ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டால் கைக்கு வந்துவிடுகிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், ரத்தக்குழாய் தெரியும், பரு வெடிக்கும், முகத்தில் முடி வளரும்.

லேபிளே இல்லாத டப்பாக்களில் பாதரசம் இருக்கலாம். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் 2023-இல் கண்டறிந்தார்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, கால் வீங்கினாலோ, முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அதைத் தாங்காமல் மறுபடி அதையே வாங்குவார்கள். படிப்படியாக நிறுத்த மருத்துவர் வழிசொல்வார். அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவே போதும். போகும்போது அந்த ட்யூபையும் பெட்டியையும் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரிந்தால் சிகிச்சை சுலபம்.