அலைச்சறுக்கும் ஹவாய்ச் சமூகமும்: ஒரு வரலாற்று நோக்கு

வெப்பவலயத் தீவுகளுக்கு விடுமுறையைக் கழிக்கச் செல்லும் உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்படும் சாகச விளையாட்டுக்களுள் அலைச்சறுக்கு முதன்மையானது. விளம்பரங்கள் அதனை இயற்கையோடு தனிமனிதன் நிகழ்த்தும் போராட்டமாகவும் காலங்கடந்த இன்பமாகவும் சித்திரிக்கின்றன. ஆயின் எந்த விளையாட்டும் சமூகத்திற்குப் புறம்பாகத் தோன்றுவதில்லை. ஓய்வு யாருக்கு இருந்தது, கரை யாருடையது என்னும் வினாக்களை எழுப்பும்போதே அதன் வரலாறு புலப்படத் தொடங்கும். இக்கலை உயர்நிலை எய்திய ஹவாய்த் தீவுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

ஹவாய் மக்கள் அலைச்சறுக்கினை 'ஹெஎ நலு' என வழங்கினர். ஆடவர், பெண்டிர், சிறுவர் என அனைவரும் அதில் ஈடுபட்டனர். 1779 இல் கப்டன் குக்கின் குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் கிங் அதனைக் கண்டு வியந்து எழுதினார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீடித்த 'மகாஹிகி' விழாக்காலத்திற் போர் விலக்கப்பட்டு விளையாட்டுக்கள் நடைபெற்றன. எனினும் அச்சமூகத்தை ஏற்றத்தாழ்வற்ற பொற்காலமாகக் கொள்ளுதல் தவறாகும். எமது முள்முருக்கின் இனத்தைச் சேர்ந்த, இலேசான விலிவிலி மரத்தாற் செய்யப்பட்ட 'ஓலோ' எனும் நீண்ட பலகை தலைவர்களுக்குரியதாயிருந்தது. ஈரப்பலா, கோவா முதலிய மரங்களாலான குறுகிய 'அலாயா' பலகையே குடிகளிடம் பரவலாக வழங்கியது. 'கப்பு' எனப்பட்ட விலக்குமுறை கடற்கரையிலும் செயற்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விளையாட்டு நலிந்தது. 1820 இல் வந்த கிறிஸ்தவ மிஷனரிமாரே அதனை அழித்தனர் எனப் பலர் கூறுவர். இது பகுதி உண்மையே. அவர்களது ஒழுக்கநெறி அதற்கு ஊறு விளைவித்தது மெய். ஆனால் அதனினும் ஆழமான காரணங்கள் இருந்தன. 1819 இல் கப்பு முறை ஒழிந்ததோடு பழைய விழாக்களும் ஆதரவிழந்தன. அந்நியர் கொணர்ந்த நோய்களால், 1778 இற் சில இலட்சமாகக் கணிக்கப்படும் சுதேச மக்கள் 1890 அளவில் நாற்பதாயிரமாகக் குறைந்தனர். 1848 இன் 'மஹேலே' நிலப்பங்கீடு நிலத்தைத் தனியுடைமையாக்கியது. 1850 இன் எசமானர் - ஊழியர் சட்டம் ஒப்பந்தக் கூலிமுறைக்கு வழிவகுக்க, கரும்புத் தோட்டங்கள் பெருகின. நிலத்தையும் நேரத்தையும் இழந்த மக்களுக்கு அலை மட்டும் எஞ்சி என்ன பயன்?

1893 இல் லிலியுஒகலானி அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898 இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. அதன் பின்னரே அலைச்சறுக்கு புத்துயிர் பெற்றமை கவனத்திற்குரியது. 1901 இல் வைகிகிக் கரையில் மோவானா ஹோட்டல் திறக்கப்பட்டது. 1907 இல் அங்கு சென்ற எழுத்தாளர் ஜக் லண்டன் அவ்விளையாட்டை அமெரிக்க வாசகரிடையே பிரபலப்படுத்தினார். 1908 இல் வெள்ளையரைப் பெரும்பான்மையாகக் கொண்ட கழகமொன்று தோன்றியது. 1911 இற் சுதேசிகள் 'ஹுயி நலு' என்னும் தமது கழகத்தை முறைப்படி நிறுவினர். அதன் உறுப்பினரான டியூக் கஹனமோக்கு 1912 ஒலிம்பிக் நீச்சலில் தங்கப்பதக்கம் வென்று, பின்னர் அவுஸ்திரேலியாவிலும் அலைச்சறுக்கினை நிகழ்த்திக் காட்டினார். வைகிகியில் பயணிகளுக்குக் கற்பித்த சுதேச இளைஞரின் நிலை முரண்பாடுடையது: தம் முன்னோரின் கலையைக் கூலிக்கு விற்றவர்களும் அவர்களே, அதனை அழியாது காத்தவர்களும் அவர்களே.

அதே வைகிகி சேம்பு வயல்களும் மீன்வளர்ப்புக் குளங்களும் நிறைந்த ஈரநிலமாயிருந்தது. 1920களில் அலா வாய்க் கால்வாய் வெட்டப்பட்டு அது வடிக்கப்பட்டது. நுளம்பொழிப்பும் சுகாதாரமும் காரணங்களாகக் கூறப்பட்டன. விளைவோ ஹோட்டல்களுக்கான காணியாயிற்று. 2019 இல் ஏறத்தாழ 14 இலட்சம் மக்கள் வாழும் ஹவாய்க்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2020 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி ஹவாய்ச் சுதேசிகளிற் பாதிக்கும் மேற்பட்டோர் அத்தீவுகளுக்கு வெளியே வாழ்கின்றனர். வாழ்க்கைச் செலவும் வீட்டு விலையும் இதற்கு முக்கிய காரணங்கள். அலை தொடும் கரை பொதுமக்களுக்குரியது என ஹவாய்ச் சட்டம் கூறுகின்றது. ஆயினும் கரையருகே வாழ இயலாதவனுக்கு அவ்வுரிமை பெயரளவினதே.

விளையாட்டையோ பயணத்தையோ பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. 2021 இல் டோக்கியோவில் அலைச்சறுக்கு முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது பெண்கள் பிரிவில் வென்ற கரிசா மூர் ஹவாய்ச் சுதேச வழியினரே. அமெரிக்கக் கொடியின் கீழ் அவர் போட்டியிட்டார். கலை அழியவில்லை, அதன் நிலைக்களமான நிலவுறவே மாறிற்று. அலைச்சறுக்கின் பொருட்டு உலகெங்குமிருந்து பயணிகள் நாடும் எமது அறுகங்குடாவிலும், அக்கரையை வாழ்வாதாரமாகக் கொண்ட மீனவர் உளர். வருவோர் தொகையையும் அந்நியச் செலாவணியையும் கணக்கிடுவதோடு அமையாது, படகு ஏற்றும் கரை யாரிடம் இருக்கின்றது என்பதையும் ஆராய்வதே ஹவாய் வரலாறு எமக்கு உணர்த்தும் பணியாகும்.