அடிமைகளின் கீதமும் ஒரு கல்லூரியும்

செல்வர் ஈந்த பொருளால் எழுந்த கல்லூரிகள் பலவுண்டு; அரசினர் அளித்த மானியத்தால் எழுந்தவையும் பலவுண்டு. பாட்டினால் எழுந்த கல்லூரி ஒன்றுண்டென்றால் அன்பர்கள் வியப்படையக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில் விளங்கும் பிஸ்க் சர்வகலாசாலையே அது. அதனைக் காத்த பாட்டுக்களோ கற்றறிந்த கவிவாணர் இயற்றியவையல்ல. எழுத்தறிய இடம்பெறாத அடிமைகள் வயலிலும் குடிசையிலும் பாடியவை. அவற்றை உலகறியச் செய்த மாணவரே முதலில் அவற்றைப் பாட நாணினர் என்பதுதான் இவ்வரலாற்றில் நாம் சிறப்பாகச் சிந்திக்கத்தக்கது.

அப்பாட்டுக்கள் பிறந்த விதத்தை முதற்கண் அறிதல் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்ட அடிமைகள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டுள்ளனர். அவருள் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து உயிருடன் கரையேறியோர் ஏறக்குறைய 1 கோடியே 7 லட்சம் பேரே. ஏனையோரிற் பெரும்பாலோர்க்குக் கடலே கல்லறையாயிற்று. பிழைத்தவருட் பெரும்பகுதியினர் பிரேசில் தேயத்திற்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். வட அமெரிக்காவிற்கு நேரே கொண்டுவரப்பட்டவர் 4 லட்சத்திற்கும் குறைவு. ஆயினும், அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்த குழந்தையும் அடிமையே என்னும் கொடிய சட்டத்தால், 1860-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளில் மட்டும் ஏறக்குறைய 40 லட்சம் அடிமைகள் இருந்தனர்.

இங்ஙனம் கொண்டுவரப்பட்டோர் ஊரிழந்தனர், உறவிழந்தனர், தாய்மொழியிழந்தனர், தம் பெயரையும் இழந்தனர். தென் கரோலினாவில் 1739-ஆம் ஆண்டு ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசறைந்து ஆள் திரட்டினர். அடுத்த ஆண்டிலேயே அவர்கள் முரசு வைத்திருத்தலும் எழுதக் கற்றலும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. பிற்காலத்தில் தென்மாகாணங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது குற்றமாயிற்று. முரசைப் பறிக்கலாம், ஏட்டைப் பறிக்கலாம். குரலை எவர் பறிக்கவல்லார்? கையொலியும் காலொலியுமே முரசாயின, நினைவே ஏடாயிற்று.

அவர்தம் பாட்டின் அமைப்பும் ஆப்பிரிக்கத் தாய்நாட்டின் வழிவந்ததே. ஒருவர் முன்னின்று ஓரடியை எடுக்க, கூடியிருப்போர் அனைவரும் மறுமொழியாக ஓரடியைச் சேர்ந்து பாடுவர். முன்னிற்பவர் அவ்வப்போது மனத்தில் எழுவதைச் சேர்த்துக்கொள்வார். கூட்டத்தின் அடியோ மாறாது நிற்கும். ஆகவே கல்லாதவரும் புதிதாய் வந்தவரும் உடனே கலந்து பாட இயலும். பொருளோ பெரும்பாலும் வேதாகமத்தினின்று எடுத்தது. எசமானர் அமர்த்திய போதகர், ஊழியக்காரர் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் வாக்கியத்தையே மீண்டும் மீண்டும் ஓதினர். அடிமைகளோ தம் செவியிற் பட்ட வேதத்திலிருந்து மோசேயையும், பார்வோனையும், யோர்தான் நதியையும், சிங்கக் கெபியில் இருந்த தானியேலையும் தெரிந்தெடுத்துக்கொண்டனர். எகிப்து என்றால் எந்நாடு என்பது பாடினோர்க்குத் தெரியும். அருகில் நின்ற கண்காணிக்குத் தெரியாது. அடிமைத்தனத்தினின்று தப்பி, பின்னர்ப் பெரும் பேச்சாளராய் விளங்கிய பிரடெரிக் டக்ளஸ், தாமும் தோழரும் கானானைப் பாடியபோது வடதிசையையே கருதியதாக எழுதியுள்ளார். அடிமைகள் பாடுவது களிப்பின் அடையாளம் என்று எண்ணுவோர் பெரிதும் பிழைபடுகின்றனர் என்பதும் அவர் 1845-ஆம் ஆண்டு வெளியிட்ட சுயசரிதையிற் காணும் கருத்தாம்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-ஆம் ஆண்டில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்க மிஷனெரிச் சங்கத்தாரின் முயற்சியால், நாஷ்வில் நகரில் போர்வீரருக்கு ஆஸ்பத்திரியாக இருந்த மரக்கொட்டகைகளில் பிஸ்க் பாடசாலை தொடங்கப்பெற்றது. சிறுவரும் முதியோரும் ஒருங்கே திரண்டுவந்து எழுத்துக் கற்றனர். அந்நகரில் அடிமைகளை விற்பதற்காக அடைத்துவைத்த பட்டியிற் கிடந்த துருப்பிடித்த விலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தால் எழுத்துப் புத்தகங்கள் வாங்கினர். கையைப் பிணித்த இரும்பே கண்ணைத் திறக்கும் நூலாயிற்று! ஆயினும் ஐந்தாண்டுகளுக்குள் கொட்டகைகள் சிதைந்தன, கடன் பெருகிற்று, பாடசாலையை மூடிவிடும் நிலை நேர்ந்தது.

அப்பொழுது பொக்கிஷதாரராகவும் இசையாசிரியராகவும் இருந்த ஜார்ஜ் ஒயிட் என்பார், மாணவர் சிலரை அழைத்துச்சென்று வடமாகாணங்களிற் பாடிப் பொருள் திரட்டத் துணிந்தார். ஒன்பது மாணவர் 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி புறப்பட்டனர். அவருட் பலர் அடிமைகளாகப் பிறந்தவர். பியானோ வாசித்த எல்லா ஷெப்பர்டு என்னும் பெண்ணுக்கு அப்போது இருபது வயது. குழந்தைப் பருவத்திலேயே அவளைத் தந்தையார் 350 டாலர் கொடுத்து விடுவித்தார். தாயையோ விடுவிக்க இயலவில்லை. சின்சினாட்டி நகரில் அவள் இசை கற்றபோது, ஆசிரியர் இன்னாரென்று வெளியிற் கூறாமல், இரவு வேளையிற் பின்வாசல் வழியாகச் செல்லவேண்டியிருந்தது.

இத்தகைய மாணவர்கள் மேடைமீது ஐரோப்பிய இசையையே பாட விரும்பினர். தம் பெற்றோரின் பாட்டுக்களைப் பிறர்முன் பாட அவர்கட்கு மனமில்லை. அவை அடிமைத்தனத்தை நினைப்பூட்டின என்பது ஒரு காரணம். பெற்றோர் தம் வழிபாட்டிற் பாடிய புனிதமான பாட்டுக்கள் என்பது மற்றொரு காரணம். வெள்ளையர் முகத்திற் கரிபூசிக்கொண்டு கறுப்பரைப் பரிகசித்துப் பாடும் கூத்துக்கள் மலிந்திருந்த காலம் அது. தம் பாட்டையும் மக்கள் அவ்வாறே எண்ணி நகைப்பரோ என்று அவர்கள் அஞ்சியதில் வியப்பென்ன?

தொடக்கத்தில் வருவாய் அற்பமாகவே இருந்தது. உண்டிச்சாலைகள் பல அவர்கட்கு இடந்தர மறுத்தன. இந்நிலையிலும், சிகாகோ நகரம் தீக்கிரையான செய்தி கேட்டவுடன், ஒஹாயோ மாகாணத்திற் கிடைத்த ஏறக்குறைய 50 டாலரை அந்நகரத்தாரின் துயர்நீக்க முழுவதும் ஈந்துவிட்டனர். நவம்பர் மாதத்தில் ஓபர்லின் நகரில் கூடிய போதகர்களின் மாநாட்டில், தம் முன்னோரின் பாட்டொன்றை அவர்கள் மெல்லெனப் பாடத்தொடங்க, பேச்சொலி நிறைந்திருந்த மண்டபம் அடங்கிற்று. கேட்டோர் பலர் கண்ணீர் உகுத்தனர். லேவியராகமம் கூறும், அடிமைகள் விடுதலை பெறும் யூபிலி வருஷத்தைக் கருதி, ஒயிட் அவர்கட்கு யூபிலிப் பாடகர் என்று பெயரிட்டார். அதன்பின் முன்னோர் பாட்டே முதலிடம் பெற்றது. முதற் பிரயாணத்தில் அவர்கள் ஈட்டியது 20,000 டாலர். பின்னர் 1873-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியார் முன்னிலையிலும் பாடினர். அவ்வாறு திரட்டிய பொருளால் எழுந்த யூபிலி மண்டபம் 1876-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது, இன்றும் நிலைபெற்றுள்ளது. அக்டோபர் 6-ஆம் தேதியைப் பிஸ்க் மாணவர் ஆண்டுதோறும் கொண்டாடுகின்றனர்.

மேடையேறிய பாட்டு வயலிற் கேட்ட பாட்டன்று என்பதையும் மறைத்தல் ஆகாது. ஒயிட் அதனை ஐரோப்பிய முறையில் ஒழுங்குபடுத்தினார். கூட்டத்தின் உள்ளக் கனிவு கச்சேரியில் வாராது என்று ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்னும் எழுத்தாளர் 1934-ஆம் ஆண்டில் வாதித்தார். அவர் கூற்றில் உண்மையுண்டு. எனினும், அம்மாணவர் பாடாதிருப்பின் பல பாட்டுக்கள் முதியோரோடு மறைந்திருக்கும். பிஸ்கிற் பயின்ற டுபாய்ஸ் என்னும் பேரறிஞர் 1903-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலின் ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் அப்பாட்டுக்களின் இசைக்குறிப்பைப் பொறித்து, அடிமைகள் உலகிற்கு ஈந்த பெருங்கொடை இதுவெனப் போற்றினார்.

நண்பர்காள்! கல்வி நமக்குப் புதுக் கண்ணைத் தருகின்றது. அக்கண்கொண்டு நம்மைப் பெற்றோரை நோக்கி நாணுதலும் கூடும். அவரிடம் உள்ள செல்வத்தை முதன்முறையாகக் காணுதலும் கூடும். பிஸ்க் மாணவர் ஒன்பதின்மரும் முதலில் நாணினர், பிறகு கண்டனர். கற்றவர் கல்லூரியைக் காக்க வழியறியாது நின்றபோது, கல்லாதவர் பாட்டு வந்து காத்தது. அதனை நினையுந்தோறும், எழுத்தறியாத முதியோர் ஒருவர் வாய்திறந்து பாடும்பொழுது எழுந்துபோகாமல் அமர்ந்து கேட்கவேண்டும் என்றே என் உள்ளம் எனக்குச் சொல்லுகின்றது.