ஏல இலையில் நோய் எழுதும் கோலம்

ஏலச் செடியில் சரம் குறைந்து, காய் சிறுத்த பிறகு நோயைக் கண்டுபிடிப்பதால் பயன் குறைவு. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இலை அதைக் காட்டிவிடுகிறது. இலையில் தோன்றும் கோடு, திட்டு, கருகல் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வாசற்கோலத்தைப் பார்த்ததுமே அது நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்று சொல்லிவிடும் கண், இந்த ஒழுங்கையும் எளிதில் பழகிக்கொள்ளும். போடிநாயக்கனூர் மலைச்சரிவுகளிலும் அடுத்துள்ள ஏலமலையிலும் ஓரிரு ஏக்கரில் ஏலம் பயிரிடுவோருக்கு இது மருந்துச் செலவில்லாத பயிர்ப் பாதுகாப்பாகும்.

கட்டே நோயின் கோடுகள்

ஏலத்தைத் தாக்கும் நோய்களில் மிகவும் அஞ்சத்தக்கது கட்டே எனப்படும் தேமல் நோய். இது நச்சுயிரியால் உண்டாகிறது. செடிக்குச் செடி இதைக் கொண்டுசெல்வது அசுவினிப் பூச்சி. நோயுற்ற தூரிலிருந்து கிழங்கைப் பிரித்து நட்டால், நோயும் கூடவே வரும். விதை மூலம் பரவுவதில்லை.

முதல் அறிகுறி இளம் இலையில்தான் தோன்றும். 2 முதல் 5 மில்லிமீட்டர் நீளத்தில், இரு முனையும் கூரான வெளிர்நிறக் கீற்றுகள் தெரியும். பின்னர் இவை நடு நரம்பிலிருந்து விளிம்பை நோக்கி, பக்க நரம்புகளுக்கு இணையாக, விட்டுவிட்டு ஓடும் வெளிர்பச்சைக் கோடுகளாகும். விட்டுவிட்டு ஓடுவதே முக்கிய அடையாளம். நாளடைவில் இலையுறையிலும் தண்டிலும் தேமல் படரும். புதிதாக வரும் தண்டுகள் ஒன்றைவிட ஒன்று குட்டையாகும்.

இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. செடியைக் கிழங்கோடு தோண்டி எடுத்து அழிப்பதுதான் வழி. காய்த்துக்கொண்டிருக்கும் தூரை அழிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தத் தூர் ஆண்டுக்காண்டு விளைச்சல் குறைந்து, மூன்றாம் ஆண்டில் பெயருக்கு மட்டுமே காய்க்கும். அதற்குள் சுற்றியுள்ள செடிகளுக்கும் நோயைக் கொடுத்துவிடும்.

ஏமாற்றும் அறிகுறிகள்

நல்ல செடியைத் தவறாகப் பிடுங்குவதும் நஷ்டமே. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். சாம்பல் சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலையின் விளிம்பு காயும். இம்மூன்றும் கீழ் இலைகளில் தொடங்குவன. இரும்புச் சத்துக் குறைவு இளம் இலையில் தெரியும். ஆனால் நரம்பிடைப் பகுதி தொடர்ச்சியாக வெளுக்குமே தவிர, துண்டு துண்டாக வெளுக்காது. நிழல் மரங்களை அளவுக்கு மீறிக் கழித்த இடத்தில், வெயில் படும் இலைகள் மட்டும் வெளுத்துக் கருகும்.

தாளில் ஒரு தோட்டம்

ஒரு தாளில் செடிக்கு ஒரு புள்ளி வீதம் வைத்து, அறிகுறி தெரியும் செடிகளை வட்டமிடுங்கள். புதுத் தோட்டத்தில் வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால், நோய் நடவுக் கிழங்குடன் வந்திருக்கலாம். ஓரிடத்தில் கொத்தாக விழுந்தால், அங்கிருந்து அசுவினி பரப்புகிறது என்று கொள்ளலாம். பெரும் பரப்பில் எல்லாச் செடியும் ஒன்றுபோல் வெளுத்திருந்தால், மண்ணையும் நிழலையும் சோதிக்க வேண்டும்.

நோய் தொற்றிய செடியில் அறிகுறி தெரிய மூன்று வாரம் முதல் மூன்று மாதத்துக்கு மேலும் ஆகும். ஆகவே ஒருமுறை பார்த்தால் போதாது. மாதந்தோறும் சுற்றி வருதல் அவசியம். காய்ந்து தொங்கும் இலையுறைகளை நீக்குங்கள். அசுவினிக்கு இடம் தரும் சேம்பையும் தோட்டத்தில் விட்டுவைக்க வேண்டாம்.

படம் எடுக்கும் முறை

ஐயம் ஏற்பட்டால் செல்போனில் படம் எடுத்து அனுப்பலாம். இளம் இலையை வானத்துக்கு எதிரே பிடித்தால், ஒளி ஊடுருவிக் கோடுகள் தெளியும். உச்சி வெயிலைத் தவிர்க்கவும். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுக்கவும். இலையின் இரு புறம், முழுச் செடி, சுற்றுப்புறம் என நான்கு படங்கள் வேண்டும். காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, இடுக்கி மாவட்டம் மைலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியம் நடத்தும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.

சரிவில் இடும் கோலம்

பிடுங்கிய இடத்தில் மறுநடவு செய்யும்போது விவசாயியே ஓர் ஒழுங்கை அமைக்கலாம். சரிவில் வரிசைகள் மேலிருந்து கீழாக ஓடினால் மழைநீர் மண்ணை வாரிச் செல்லும். சமமட்டக் கோட்டில் நட வேண்டும். இரண்டு சம நீளக் கம்புகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவே ஒரு குறுக்குக் கம்பு பொருத்துங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். கால்களை இரு இடத்தில் ஊன்றி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி ஊன்றி மறுபடி குறியுங்கள். இரு குறிகளின் நடுவே சமமட்டம். நூல் அந்த இடத்தில் நிற்கும்படி கால் மாற்றி மாற்றி நகர்ந்து முளையடித்தால், சமமட்டக் கோடு கிடைக்கும்.

செடிகளை ஊடுபுள்ளிக் கோலம்போல, மேல்வரிசை இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைச் செடி வருமாறு நடுங்கள். இடையே வழியும் நீரைக் கீழ்ச்செடி மறிக்கும்.

ஞள்ளானி போன்ற ரகங்களைக் கிழங்கு பிரித்தே நடுகிறோம். எனவே கிழங்கு வாங்குமுன், தாய்த்தோட்டத்துக்கு நேரில் சென்று இளம் இலைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நலம்.