பானெட்டைத் திற, நம்பரைப் படி!

ஜனவரி வந்துவிட்டால் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஸ்காட்ஸ்டேல் நகரத்துக்குக் கார் பித்து பிடித்துவிடும். பாரெட்-ஜாக்சன் ஏலக் கூடாரங்களில் ஆரஞ்சும் நீலமும் மஞ்சளுமாக 1960-களின் மசில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். கூட்டம் பெயின்ட்டைப் பார்த்துச் சொக்கிப்போய் நிற்கும். நாம் அங்கே நிற்க வேண்டாம். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் காந்தமும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார்களே சிலர், அவர்கள் பக்கம் வாருங்கள். நிஜமான சுவாரசியம் அங்கேதான்!

இன்றைய நாயகன் 1969 செவ்ரோலே கமேரோ இசட்/28. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் என் மனதை முழுசாக அள்ளிக்கொண்டது இதுதான். பிறந்த கதையே அட்டகாசம். ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்தில் இன்ஜின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி. 1967-இல் செவ்ரோலே பொறியாளர்கள் 327 கன அங்குல இன்ஜினின் பிளாக்கையும் 283-இன் கிராங்க் அளவையும் ஜோடி சேர்த்து, விதிக்குள் கச்சிதமாக அடங்கும் 302-ஐ உருவாக்கினார்கள். மார்க் டானஹியூ கமேரோவை ஓட்டி வெளுத்துவாங்க, 1968, 1969 இரண்டு வருடமும் பட்டம் செவ்ரோலேவுக்கு.

இப்போது சிக்கலைக் கேளுங்கள். 1969 மாடலில் மொத்தம் 2,43,085 கமேரோக்கள் தயாராயின. அவற்றில் இசட்/28 வெறும் 20,302. மற்ற கமேரோ எதை வேண்டுமானாலும் எடுத்து, கோடு தீட்டி, பேட்ஜ் ஒட்டி, இசட்/28 என்று நிறுத்திவிடலாம். அது மட்டுமா? 1969 கமேரோவின் முழு பாடியையே இன்று புத்தம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கதவும் கூரையும் தரையும் சேர்ந்த முழுக் கூடு!

அசலைக் கண்டுபிடிக்க முதலில் முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டின் ஓட்டுநர் பக்க மூலையைப் பாருங்கள். அங்கே காரின் அடையாள எண்ணான விஐஎன் தகடு, 13 எழுத்தும் எண்ணுமாக. 124 என்று தொடங்கினால் வி8 இன்ஜினோடு பிறந்த கார். 123 என்றால் ஆறு சிலிண்டர். அது இசட்/28 ஆக இருக்க வாய்ப்பே இல்லை, சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். ‘என்’ என்ற எழுத்து ஒஹையோவின் நார்வுட் ஆலையையும், ‘எல்’ லாஸ் ஏஞ்சலிஸின் வான் நைஸ் ஆலையையும் சொல்லும். ஆனால் இது இசட்/28-தானா என்பதை மட்டும் அந்த எண் சொல்லவே சொல்லாது! இத்தனை பேர் ஏமாறுவதும் இதனால்தான்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்சுவரில் இன்னொரு சின்னத் தகடு. நார்வுட்டில் அந்த வருடத்தின் ஒரு பகுதியில் தயாரான கார்களின் தகட்டில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 என்று இருந்தால் மனம் துள்ளும், அவை இசட்/28-க்கான குறிகள். வான் நைஸ் கார்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அவற்றுக்குப் பழைய காகிதங்கள்தான் கதி.

அடுத்ததுதான் எனக்கு மயிர்க்கூச்செறியும் இடம். பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் விரல் அகலத்துக்கு ஒரு சமதளம். கிரீஸைத் துடைத்தால் எழுத்துகள் மேலெழும். ‘வி’ என்றால் இன்ஜின் ஃப்ளின்ட் ஆலையில் பிறந்தது. அடுத்த நான்கு இலக்கங்கள் மாதமும் நாளும். கடைசியில் ‘டிஇசட்’ இருந்தால் அதுதான் 1969-இன் 302! அதே பிளாக்கில் காருடைய எண்ணின் ஒரு பகுதியும் பதிந்திருக்கும். அது டேஷ்போர்டுத் தகட்டோடு பொருந்தினால்தான் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்ற பட்டம்.

எழுத்தை யாரும் உளியால் புதிதாக அடிக்கலாமே என்கிறீர்களா? அதற்காகத்தான் பூதக்கண்ணாடி. ஆலை இயந்திரம் அந்தத் தளத்தைச் சீவும்போது மெல்லிய நேர்க்கோடுகளை விட்டுச்செல்லும். எழுத்துகள் அந்தக் கோடுகளின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். கோடே இல்லாமல் வழவழப்பாகவோ சுழல் சுழலாகவோ இருந்தால், யாரோ தேய்த்திருக்கிறார்கள். அது எல்லா நேரமும் மோசடியல்ல. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யும்போது பட்டறைகளில் நேர்மையாகவே தளத்தைச் சீவியிருக்கலாம். ஆனால் சீவிய தளத்தில் பளிச்சென்று புது எண் இருந்தால், கேள்வி கேட்டே ஆக வேண்டும். பிளாக்கை வார்த்த தேதியும் பின்பக்கம் இருக்கும். ‘ஏ’ ஜனவரி, ‘பி’ பிப்ரவரி என்று கணக்கு. வார்த்த நாள், இன்ஜினைப் பூட்டிய நாள், கார் ஆலையை விட்டு வந்த நாள் மூன்றும் அந்த வரிசையிலேயே வர வேண்டும். கார் பிறந்த பிறகு வார்க்கப்பட்ட இன்ஜின் அந்தக் காரோடு பிறந்திருக்க முடியாதே!

ஹீட்டர் பெட்டியைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இன்னொரு ரகசிய எண் ஒளிந்திருக்கும். தகட்டை மாற்றியவர்கள் இதை மறந்துவிடுவது உண்டு. ஏசி இருக்கிறதா, ஆட்டோமேட்டிக் கியரா என்றும் ஒரு பார்வை. இசட்/28-க்கு ஆலை இரண்டையும் கொடுக்கவே இல்லை. பின்னாலேயே பாடியின்மேல் காந்தம் போகும். எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ, அங்கே பெயின்ட்டுக்கு அடியில் பட்டி கனமாக இருக்கிறது.

விலைக்கு வருவோம். ஹேகர்ட்டி நிறுவனத்தின் விலைக் கையேடு கார்களை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. கண்காட்சித் தரம் 1, ஓடிக் களைத்தது 4. அது நல்ல தொடக்கம். ஆனால் அந்தத் தரத்துக்கு மேலே, பிறந்த இன்ஜின் இருக்கிறதா, காகிதம் இருக்கிறதா என்பதே விலையை ஏற்றி இறக்கும். வாரன்டிப் புத்தகத்தோடு வந்த சின்ன உலோகத் தகடு, முதல் விற்பனை ரசீது, ஆலையின் தயாரிப்புத் தாள், இவற்றை எனக்குக் காரைவிட முதலில் காட்டுங்கள் என்பேன். சிலர் சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்குக்குள் செருகிக் கிடந்த தாளைக்கூட எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

காகிதமும் அசல்தன்மையும் விலையை ஏற்றுவதன் உச்சம் ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்குயீன் ஓட்டிய 1968 மஸ்டாங். ஒரு குடும்பம் 1974-இல் 6,000 டாலருக்கு வாங்கி, சும்மா ஓட்டிக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுங்கள் என்று மெக்குயீனே 1977-இல் கடிதம் எழுதினார், கிடைக்கவில்லை! பெயின்ட் மங்கிய, அடிபட்ட, புதுப்பிக்கப்படாத அந்தக் கார் 2020 ஜனவரியில் மீகம் நிறுவனத்தின் கிஸ்ஸிமி ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது. காருடைய எண், மெக்குயீனின் கடிதம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தின. புதுப் பெயின்ட் அடித்திருந்தால் விலை குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

‘குளோன்’ கார்களை நான் வெறுக்கவில்லை. சாதாரண கமேரோவை ஆசையாக இசட்/28 போலச் செதுக்கி, ‘இது குளோன்’ என்று சொல்லி விற்பவருக்கு வணக்கம்! அதன் விலையில் வாங்கி, மழையிலும் வெயிலிலும் ஓட்டி மகிழலாம். அசல் விலை கேட்கும்போதுதான் கோபம் வருகிறது. அதேபோல, “பட்டறைக்கு இவ்வளவு கொட்டினேன்” என்று விற்பவர் அடுக்கும் பில்களை விலையில் சேர்க்காதீர்கள். அவர் செலவு அவருடையது. பிளாக்கில் இருக்கும் எழுத்தை அது மாற்றாது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சுத்தியல் விழும் தொகையோடு விஷயம் முடியாது. அந்த மஸ்டாங்குக்கு 34 லட்சத்துக்கு மேல் பத்து சதவீத ஏலக் கட்டணமும் சேர்ந்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர் ஆனது. கையைத் தூக்குமுன் அந்தப் பத்து சதவீதத்தையும் கூட்டிவிட்டுத் தூக்குங்கள்.